எண் போடாத பக்கங்கள்

பக்கக்கா என்பது அவளுடைய பெயரில்லை. பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஸ்கேன் செய்த ஆய்வேடுகளைத் திரையில் பக்கம் பக்கமாகப் பார்த்து, ஒன்றும் விடுபடவில்லை என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பதினொரு வருடமாக அதே வேலை, அதே நாற்காலி. மேல்தளத்துக்காரர் யாரோ ஒருநாள் 'பக்கம் அக்கா' என்று கூப்பிட்டார். அது தேய்ந்து பக்கக்கா ஆயிற்று. இப்போது சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்குவதில்லை.

அன்று காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை கூட்டம். பிரிவுத் தலைவர் புதிய மின்நூலகத் தளத்தைப் பற்றி விளக்கினார். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு தேதி குறித்துவிடுகிறவர் என்பதால் அவருக்குத் தேதி சார் என்று பெயர். பழைய தளத்திலிருக்கும் எல்லா ஆய்வேடுகளும் புதிய தளத்துக்குப் போக வேண்டும். இடம் போதாததால், வெட்டித் திருத்துவதற்கு முன்னால் எடுத்த மூலப்படங்களை எல்லாம் அழித்துவிட்டு டிஸ்க்குகளைக் காலி செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை என்று சொல்லி, வெள்ளைப் பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். பக்கக்காவுக்கு முதுகு வலித்தது. வெள்ளியோ சனியோ, எது முடிந்தாலும் சரி என்றிருந்தது.

அவள் அறைக்குத் திரும்பியபோது, வாசலுக்கு வெளியே மர பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டாராம். கதவு திறந்துதான் இருந்தது. யாரையும் கூப்பிடவும் இல்லை, கதவைத் தட்டவும் இல்லை.

"மேலே சொல்லியிருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பாங்களே ஐயா" என்றாள்.

"கூட்டத்துல இருக்கீங்கன்னு சொன்னாங்கம்மா. எனக்கென்ன, உட்கார எடம் இருந்துச்சு."

எழுபத்தாறு வயது. முப்பது வருடம் இந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஜீப் ஓட்டியவர். அவர் வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். பல வருடங்களுக்கு முன்னால் கிணறுகளைப் பற்றி ஆராய்ந்த ஒரு மாணவரை, இரண்டு கோடைகாலம் ஊர் ஊராக ஜீப்பில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆய்வேடு முடிந்தபோது அந்த மாணவர் அவரை இதே நூலகத்துக்கு அழைத்து வந்து, நன்றி சொல்லும் பக்கத்தில் அவர் பெயர் அச்சாகியிருப்பதைக் காட்டினாராம். மாணவர் பிறகு பேராசிரியராகி, இப்போது உயிரோடு இல்லை. ஓட்டுநர் மட்டும் அந்தப் பக்கத்தைப் பற்றி வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

போன மாதம் மருமகன் தன் செல்போனில் அந்த ஆய்வேட்டைத் தேடி எடுத்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். முகப்புப் பக்கம் இருந்தது. அடுத்ததே முதல் அத்தியாயம். நன்றி சொல்லும் பக்கமே இல்லை.

"மருமகன் நல்ல பையன்தான். வாய்தான் சும்மா இருக்காது. 'மாமா, உங்க பேரு ஆவியாகிப் போயிடுச்சு'ன்னார். சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். ஆனா அது அதோட போகலம்மா. இப்போ மழை வரும் போலிருக்குன்னு சொன்னாக்கூட, 'ஆய்வேட்டுல இருக்கா?'ன்னு கேக்குறாங்க. அதுவும் போகட்டும். மாத்திரை போட்டேன்னு சொன்னா, மக வந்து அட்டையைக் காட்டுங்கிறா. காலியா இருக்கான்னு எண்ணிப் பாக்குறா. வயசாயிடுச்சு, அப்பா எதையோ கற்பனை பண்ணிக்கிறார்னு நெனைக்கிறா. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக் குடுத்தீங்கன்னா போதும்."

பக்கக்கா திரையில் அந்த ஆய்வேட்டைத் திறந்தாள். முகப்பு. பிறகு பக்கம் ஒன்று. கீழே பதிவில் 'முழுமை' என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்தின் சுருக்கம். மாதத்தைப் பார்த்தாள். விஷயம் என்னவென்று அந்த நொடியே அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆனாலும் அவள் சொன்னது இதுதான்: "கோப்புல இருக்குறதுதான் ஐயா இருக்கு. அச்சுப் பிரதி இப்போ எங்ககிட்ட இல்ல."

பொய் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. அது அவளுக்கே பிறகுதான் உறைத்தது.

பெரியவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "அப்போ நான்தான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேன் போல" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வருகைப் பதிவேட்டில் தன் தொலைபேசி எண்ணை நிதானமாக எழுதிவிட்டு, மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போனார்.

*

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. ஆய்வேடுகள் அடுக்கியிருந்த அறையின் கூரை ஒழுகி, ரெக்ஸின் அட்டைகள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தன. மூன்று மாதத்துக்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு, அச்சுப் பிரதிகளைக் காகிதக் கூழாக்கக் கொடுத்துவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தேதி சார் அப்போதுதான் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்தார். வந்த வேகத்தில் ஒரு தேதியை ஒப்புக்கொண்டுவிட்டார். நாளுக்கு எத்தனை முடிகிறது என்று கணக்குப் பார்த்தபோது, கண்டிப்பாக முடியாது என்று தெரிந்தது.

அப்போது யோசனை சொன்னது பக்கக்காதான். பக்கம் சரிபார்ப்பதில் பெரிய தொல்லை ஆரம்பப் பக்கங்கள். சான்றிதழ், உறுதிமொழி, பொருளடக்கம், நன்றியுரை ஆகியவற்றுக்குச் சிலர் ரோமன் எண் போடுவார்கள், பலர் எண்ணே போட மாட்டார்கள். எத்தனை இருந்தன, எத்தனை வந்தன என்று எண்ணவே முடியாது. முகப்பை மட்டும் படமெடுத்துவிட்டு, மற்றதை ஒரே பிடியாக அள்ளிப் புரட்டி, பக்கம் ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் கடைசிப் பக்க எண்ணோடு கணக்கு அப்படியே பொருந்தும். எண் இல்லாத பக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்று அவள் கேட்டாள். எல்லோரும் அவளைப் பெரிய மூளைக்காரி என்றார்கள். தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வேலை முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு ஆய்வேடுகள். எல்லாவற்றிலும் 'முழுமை' என்று அவள் கையெழுத்து.

அந்த மாதங்களுக்குப் பிறகு பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். அதை அவள் மறந்துபோனாள். சும்மா மறக்கவில்லை, களைத்துப்போய் மறந்தாள். களைத்த மனுஷி மறந்ததைக் கடவுள் மன்னிப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஞாபகம் வந்த பிறகும் பேசாமல் இருந்தால், அதைக் களைப்பின் கணக்கில் எழுத முடியாது.

அன்று மதியமே அந்த மாணவர் படித்த துறையின் அலுவலகத்துக்குப் போய், அச்சுப் பிரதி இருக்கிறதா என்று கேட்டாள். கட்டடம் மாறியபோது பழைய பிரதிகளை எல்லாம் கழித்துவிட்டோம் என்றார்கள். ஆய்வை மேற்பார்த்த பேராசிரியரும் உயிரோடு இல்லை. சரி, நம்மால் ஆனதைச் செய்தாயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அவளும் அவள் அக்காவும் மட்டும்தான். அக்கா நாற்பது வருடம் அரசு மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் இரண்டும் போய்விட்டன, நாக்கு மட்டும் பணியில் இருக்கிறது என்று அவளே சொல்லிக்கொள்வாள். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே பக்கக்கா நடந்ததைச் சொன்னாள். வேறு எதற்கோ பதில் சொல்வதுபோல, பாதி விழுங்கித்தான் சொன்னாள். ஆனால் அக்காவிடம் பாதி சொன்னால் மீதியை அவள் முகத்திலிருந்து எடுத்துக்கொள்வாள்.

"அவர் போகும்போது என்ன சொன்னார்?" என்று கேட்டாள் அக்கா.

"தப்பா ஞாபகம் வச்சிருக்கேன் போலன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "நாப்பது வருஷம் எத்தனை பேருக்கு ஊசி போட்டேன், எத்தனை பேரைத் தூக்கி உட்கார வச்சேன். ஒருத்தராவது எழுதி வச்சாங்களா? எழுதலைன்னா பரவால்லடி, அவங்கவங்க வலி அவங்களுக்கு. ஒரே ஒருத்தன் மறக்காம எழுதி வச்சிருக்கான். அதைப்போய் நீ வெட்டி எறிஞ்சுட்டு, அந்த மனுஷனையே சந்தேகப்பட வச்சு அனுப்பியிருக்கியே."

"அச்சே இல்லேங்குறேன். நான் எங்கிருந்து கொண்டு வரட்டும்?"

"பக்கத்தைக் கொண்டு வர முடியலைன்னா போ. தப்பு என்னோடதுன்னு சொல்றதுக்கு எந்தப் பக்கம் வேணும்?"

அன்று பக்கக்கா பிரார்த்தனைக்கு உட்கார்ந்தபோது வழக்கமாகச் சொல்லும் வரிகள் பாதியில் நின்றுவிட்டன. இனி கேட்பதற்கு ஒன்றுமில்லை, நாளைக்கு எழுந்து போகக் கால் மட்டும் வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். இப்படிச் சின்னதாகக் கேட்கிற வேண்டுதலுக்கு அதிகக் காலதாமதம் ஆவதில்லை.

*

மறுநாள் வியாழன். காலையில், இரண்டு பக்கமும் அச்சிட்ட வேறொரு புதிய ஆய்வேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில், எழுத்துகளுக்கு இடையில், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி வேறு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. பின்பக்க எழுத்து மெல்லிய தாள் வழியாகத் தெரிகிறது. இதைத் தவிர்க்க ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு கறுப்புத் தாளைச் செருக வேண்டும். ஸ்கேன் செய்கிறவர்கள் சோம்பலில் அதைச் செய்ய மாட்டார்கள். பதினொரு வருடமாக அவள் சண்டை பிடித்துவரும் விஷயம் இது. வழக்கம்போல, 'பின்னெழுத்துத் தெரிகிறது, மறுபடி எடுக்கவும்' என்று சீட்டில் எழுதப் போனவள், பேனாவை அப்படியே வைத்துவிட்டாள்.

அந்த மூன்று மாதமும் யாரும் கறுப்புத் தாள் செருகவில்லை. அதற்கெல்லாம் நேரம் ஏது?

மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர், விரித்து வைத்த புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் எடுக்கும். பழைய ஆய்வேடுகளில் தாளின் ஒரு பக்கம்தான் தட்டச்சு, மறுபக்கம் வெறுமை. ஆகவே இடது பாதியைக் கணினி வெட்டிவிடும். பக்கம் ஒன்றை எடுத்தபோது இடதுபுறம் இருந்தது, அதற்கு முந்தைய தாளின் வெற்று முதுகு. இந்தப் பல்கலைக்கழகத்து வழக்கப்படி முதல் அத்தியாயத்துக்கு நேர் முந்தைய தாள் நன்றியுரை. தட்டச்சு இயந்திரத்தில் ஓங்கி அடித்த எழுத்து, மெல்லிய தாள். வெட்டாத மூலப்படத்தில் அந்த முதுகு இருக்க வேண்டும்.

மூலப்படங்கள் நாளை அழியப் போகின்றன.

மூலப்பட டிஸ்க்குகளைப் பூட்டி வைத்திருந்த இரும்பு அலமாரியின் சாவி தேதி சாரிடம்தான் இருந்தது. எதற்கென்று சொல்லாமல் அதை வாங்க முடியாது. ஏதாவது ஒரு சாக்குச் சொல்லலாம் என்று படியேறும்போது இரண்டு சாக்குகள் மனதில் தயாராகிவிட்டன. மேலே போய்ச் சேர்ந்தபோது இரண்டையும் சொல்லத் தெம்பில்லை. பொய்க்கும் கொஞ்சம் சக்தி வேண்டியிருக்கிறது.

உட்காரச் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யோசனை தன்னுடையது, இருநூற்றுப் பன்னிரண்டிலும் ஆரம்பப் பக்கங்கள் இல்லை, முழுமை என்று கையெழுத்துப் போட்டது தான், வந்த பெரியவரைச் சும்மா திருப்பி அனுப்பியதும் தான்.

தேதி சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார். அவருக்கும் ஐம்பத்தெட்டு வயது. திங்கட்கிழமை புதிய தளத்தைத் திறந்துவைக்கத் துணைவேந்தர் வருகிறார். இருநூறு கோப்புகள் அரைகுறை என்று இப்போது போய்ச் சொன்னால், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர் அவர்தான்.

"இதை நீங்க சொல்லியிருக்காட்டா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, அக்கா" என்றார்.

"தெரியும் சார். நேத்து முழுக்க அதைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். திட்டுவதற்கு வார்த்தை தேடுகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"யோசனை உங்களோடது. சரி, செய்யுங்கன்னு சொன்னது யாரு? அந்தத் தேதியை ஒத்துக்கிட்டு வந்தது யாரு? எழுதுறதுன்னா ரெண்டு பேரையும் போட்டு எழுதுங்க."

பிறகு எழுந்து போய், வெள்ளைப் பலகையில் இருந்த 'வெள்ளிக்கிழமை'யைத் துடைப்பானால் துடைத்தார். அந்த இடத்தில் வேறொரு தேதி எழுதுவார் என்று பக்கக்கா காத்திருந்தாள். அவர் எழுதவில்லை. அவளுக்கு நினைவு தெரிந்து அந்தப் பலகை தேதியில்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

*

பதினேழு டிஸ்க்குகள். எதில் எது என்று எழுதிய சீட்டுகள் பசை விட்டுப்போய் அலமாரியின் அடியில் கிடந்தன. ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தாள். இரண்டு டிஸ்க்குகள் திறக்கவே இல்லை. ஒன்று கறகறவென்று சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. மதியச் சாப்பாட்டை மறந்து, மாலை நான்கு மணிக்குப் பதினோராவது டிஸ்க்கில் கிணற்று ஆய்வேடு கிடைத்தது.

படம் திறந்தது. வலப்பக்கம் முதல் அத்தியாயம். இடப்பக்கம் வெறும் பழுப்பு. ஒன்றுமே தெரியவில்லை. படத்தை இடவலம் திருப்பினாள். வெளிச்சத்தைக் குறைத்து, கருமையைக் கூட்டினாள். பழுப்புக்குள்ளிருந்து கோடுகள் எழும்பின. இன்னும் கூட்டினாள். கோடுகள் வரிகளாயின. பதினொரு வருடமாகக் குற்றம் என்று எழுதித் திருப்பியனுப்பிய அந்தப் பின்னெழுத்துக்காக அவள் இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேற்பகுதி முழுக்கக் கறை. கூரை ஒழுகியதன் அடையாளம் அது. மேற்பார்வையாளர், துறைத் தலைவர், பெரிய மனிதர்கள் எல்லோரும் அந்தக் கறைக்குள் போய்விட்டார்கள். கீழே ஆறு வரிகள் மட்டும் தப்பியிருந்தன. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்து, நிதானமாக எழுதப்பட்டிருந்த அந்த எண்ணைத் தொலைபேசியில் அழுத்தினாள்.

*

வெள்ளிக்கிழமை காலை பெரியவர் வந்தார். இந்தத் தடவை மகளும் கூட வந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது, கணக்காசிரியை. பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அப்பாவைத் தனியாக அனுப்ப இஷ்டமில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நூலகத்துக்காரி வயதானவர் மனம் நோகக்கூடாதென்று ஏதோ தயார் செய்து வைத்திருக்கிறாள் என்றும் நினைத்திருக்கலாம்.

பக்கக்கா முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "அன்னைக்கு நீங்க கேட்டப்பவே எனக்குக் காரணம் தெரியும் ஐயா. பக்கத்தை விட்டது நாங்க. நான்தான். தெரிஞ்சும் சொல்லாம அனுப்பிட்டேன். மன்னிச்சுக்குங்க."

பெரியவர் மகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அதனால என்னம்மா" என்று முணுமுணுத்தார்.

அச்சு இயந்திரம் பழையது. சூடாகவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. தாமதத்துக்கு அவள் மறுபடி மன்னிப்புக் கேட்டாள். பெரியவர் கையை அசைத்து, "வரட்டும் வரட்டும், அவசரமில்ல" என்றார்.

தாள் வந்தது. பெரியவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். மகள்தான் வாங்கினாள். ஆசிரியைக் குரலில், வகுப்பில் வாசிப்பதுபோல வாசிக்க ஆரம்பித்தாள்.

"...எண்பத்தேழு கிணறுகளுக்கும் என்னை அழைத்துச் சென்றவர். ஒவ்வொரு கிணற்றடியிலும் நான் அளந்து முடிக்கும்வரை, வெயிலில், ஒரு நாள்கூட ஹாரன் அடிக்காமல் காத்திருந்தவர். நான் அளந்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்த நாட்களில், இன்னொரு தடவை அளந்து பாருங்கள், நான் இருக்கிறேன் என்று சொன்னவர். பல்கலைக்கழக ஜீப் ஓட்டுநர் திரு..."

அங்கே அவள் நின்றாள். பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் படத்தில் மங்கிப் போயிருந்தன. அதை அவள் நிரப்பிக்கொண்டு, அப்பாவின் பெயரை முழுதாக, மெதுவாகச் சொன்னாள்.

பெரியவர் குழப்பத்தோடு தலையைச் சொறிந்தார். "இப்படியா எழுதியிருந்தார்? நல்லா வண்டி ஓட்டுனேன்னு எழுதியிருக்கார்னுதானே வீட்டுல சொல்லிக்கிட்டிருந்தேன். ஆத்து வெள்ளத்துல ஜீப்பை எறக்குனது... அதெல்லாம் இல்லையா?"

"மேலே கறையில இருந்திருக்கலாம் ஐயா" என்றாள் பக்கக்கா.

"இல்லம்மா. நான்தான் கொஞ்சம் சேத்துக்கிட்டேன் போலிருக்கு." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கைப்பையில் எதையோ தேடினாள். தேடியது கிடைத்ததாகத் தெரியவில்லை.

தாளை மடிக்காமல் பிளாஸ்டிக் கோப்புக்குள் வைத்தாள். படியருகே போய் நின்றவள், வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"அப்பா, காலை மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேம்மா."

பெரியவரின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று, அட்டையை எடுத்துக்காட்ட. மகள் அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள்.

"சரிப்பா. வாங்க, போகலாம்."

இருவரும் ஒவ்வொரு படியாக ஏறிப்போகும் சத்தம் ஓயும்வரை பக்கக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிணற்று ஆய்வேட்டின் பதிவில் 'முழுமை' என்றிருந்ததை அழித்துவிட்டு, விடுபட்டது எது, விட்டது யார் என்று இரண்டு வரி எழுதினாள். முதுகு நேற்றைப் போலவே வலித்தது. இன்னும் இருநூற்றுப் பதினொன்று இருந்தன. அடுத்த டிஸ்க்கை எடுத்துச் செருகினாள்.